வீட்டுக்குள் சுவாசிக்கும் காற்று: சுத்திகரிப்பான் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

கோலாலம்பூர் செந்தூலில் ஒற்றை மாடி வரிசை வீட்டில் குடியிருப்பதாகவும், எட்டு வயது மகள் விடியற்காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முவதாகவும், இரவில் மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவதாகவும், மருத்துவர் இதைத் தூசி ஒவ்வாமை என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பேரங்காடியில் 1,800 ரிங்கிட் விலையுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, வேறு வகை நல்லதா, அல்லது வீட்டுக்குள் செடிகள் வைத்தாலே போதுமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு அதை வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பணத்தில் ஒரு பங்கை மகளின் படுக்கைக்கும் இன்னொரு பங்கைச் சமையலறைச் சுவருக்கும் செலவிடுங்கள். அதற்குப் பிறகும் தும்மல் குறையாவிட்டால் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம். கட்டடங்களின் உட்புறக் காற்றை அளந்து அறிக்கை தருவது என் தொழில். வீடுகளுக்குப் போகும்போது பெரும்பாலும் நான் காண்பது, மூலையில் விலையுயர்ந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அது அள்ள வேண்டிய மாசு நாள் முழுவதும் அதே வீட்டுக்குள் புதிதாக உண்டாகிக்கொண்டிருப்பதைத்தான்.

முதலில் மகளின் படுக்கையைப் பார்ப்போம். நம் நாட்டில் தூசி ஒவ்வாமை உள்ளவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது தூசிப்பூச்சி எனப்படும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரின் கழிவால் வரும் ஒவ்வாமை. இந்த உயிர் நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை; காற்றில் இருக்கும் ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகையால் காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள்களுக்கு 50 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் அது பிழைப்பதில்லை. ஆனால் கோலாலம்பூரின் வெளிக்காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், அது செழித்து வளர நம் ஊரைவிட நல்ல ஊர் வேண்டியதில்லை.

இங்கே சுத்திகரிப்பான் ஏன் பெரிதாக உதவாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. தூசிப்பூச்சியின் கழிவுத் துணுக்குகள், புகையின் நுண்துகள்களோடு ஒப்பிட்டால், மிகப் பெரியவை. போர்வையை உதறும்போதும் குழந்தை புரண்டு படுக்கும்போதும் அவை எழும்பும். சில நிமிடங்களில் மீண்டும் படுக்கையிலேயே படிந்துவிடும். அறையின் மறுமூலையில் நிற்கும் இயந்திரத்தை அவை போய்ச் சேருவது குறைவு. ஆனால் மகளின் மூக்கு அந்தத் தலையணையிலிருந்து ஒரு சாண் தூரத்தில்கூட இல்லை. எனவே தடுப்பைப் படுக்கையிலேயே போட வேண்டும். மெத்தைக்கும் தலையணைக்கும், தூசிப்பூச்சி நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறைகள் கிடைக்கின்றன. மெத்தையை ஆறு பக்கமும் முழுதாக மூடும் உறையாகப் பார்த்து வாங்குங்கள். மேலே மட்டும் விரிக்கும் வகை போதாது. இலவம்பஞ்சுத் தலையணை வைத்திருந்தால், அது பாட்டி காலத்துத் தலையணையாகவே இருந்தாலும், குழந்தையின் கட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்க வேண்டும். நம் வீடுகளில் துணிதுவைக்கும் இயந்திரம் பெரும்பாலும் குளிர்ந்த நீர்க் குழாயோடு மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், இந்த அறிவுரை பல வீடுகளில் ஏட்டுச் சுரைக்காயாகவே போய்விடுகிறது. அதற்கு மாற்றாக, தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, ஒன்றாகத் திறந்திருக்கும் சுயசேவை டோபிக் கடைக்குக் கொண்டுபோய் வெந்நீரில் துவைத்து, அங்குள்ள உலர்த்தியில் அதிக வெப்பத்தில் காய வைத்து எடுத்து வாருங்கள். வெயிலில் காய வைப்பது நல்லதுதான். ஆனால் பூச்சி செத்தாலும் அதன் கழிவு துணியிலேயே தங்கியிருக்கும், அதைத் துவைத்துத்தான் வெளியேற்ற முடியும். கட்டிலைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருக்கும் துணிப்பொம்மைகளுக்கும் இதே கதிதான். கரப்பான் பூச்சியின் கழிவும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால், மருத்துவரிடம் எதற்கு ஒவ்வாமை என்று தோல் குத்துப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் கொடுத்திருக்கும் மருந்தை இந்த ஏற்பாடுகளை நம்பி நிறுத்த வேண்டாம்.

அடுத்தது ஏர்கோன், அதாவது குளிரூட்டி. மகள் உறங்கும் அறை சிறியது என்றும், அதில் ஒன்றரைக் குதிரைத்திறன் ஏர்கோன் போட்டு இரவில் 18 டிகிரியில் வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் பலர் செய்வதும் இதுதான். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒரு சிறிய படுக்கையறைக்கு ஒரு குதிரைத்திறனே தாராளம். தேவைக்கு மிஞ்சிய திறன் கொண்ட இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு, காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் முன்பே தன் அழுத்தியை நிறுத்திக்கொள்ளும்; சுருளில் படிந்த நீர் மறுபடியும் ஆவியாகி அறைக்குள்ளேயே வரும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. தூசிப்பூச்சிக்கு வேண்டியது அந்தப் பிசுபிசுப்புத்தான்.

இரண்டாவது சிக்கல் சுவரில் தெரியும். கோலாலம்பூரின் வெளிக்காற்று ஏறத்தாழ 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கிவிடும். அறையை இரவெல்லாம் 18 டிகிரியில் வைத்தால் சுவரும் அலமாரியும் அந்த 24 டிகிரியைவிடக் குளிர்ந்துபோகும். காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே வரும் ஈரக்காற்று அவற்றின் மேல் வியர்க்கிறது. பக்கத்து அறையில் ஏர்கோன் இல்லையென்றால், பொதுச்சுவரின் அந்தப் பக்கத்திலும் இதுவே நடக்கும். உங்கள் வீட்டில் அந்தச் சுவரோடு ஒட்டி நிற்கும் துணி அலமாரியை ஒருநாள் முன்னால் இழுத்து, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து அதன் முதுகையும் சுவரையும் பாருங்கள். சாம்பலும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரிந்தால், கையில் ஒட்டும் மாவுபோல அவை வந்தால், அது பூஞ்சை. காற்றே புகாத இடமாகையால் அலமாரியின் அளவுக்கு அச்சு எடுத்ததுபோல் அது பரவியிருக்கும். முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டிப் பெருக்கினால் விதைத்துகள்கள் வீடெங்கும் பறக்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே சாயம் பூசுவது வீண்செலவு. அடுத்த மழைக்காலத்தில் அது சாயத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

ஆக, ஏர்கோனை 25 அல்லது 26 டிகிரியில் வைத்து, கூரை மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். ஈரப்பதமானி ஒன்று சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அது 60 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது இந்தத் தட்பவெப்பத்தில் எட்டக்கூடிய இலக்கு. 50-க்குக் கீழே கொண்டுவர விரும்பினால் தனியாக ஈரநீக்கி வேண்டும். மின்கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏர்கோனின் முன்பலகையைத் தூக்கி, உள்ளே இருக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய் நீரில் கழுவுங்கள். உள்ளே டார்ச் அடித்து, காற்று வெளிவரும் உருளையின் மேல் கறுத்த புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் வலையைக் கழுவுவது போதாது. ஆள் வைத்துச் சுருளையும் நீர்த்தட்டையும் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பலரும் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வீடுகளில் நாம் பொருத்தும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு, இருக்கிறது. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நீங்களும் மனைவியும் மகளும் ஒரே அறையில் படுப்பதாகச் சொல்கிறீர்கள்; மூவருக்குமாக மணிக்கு முப்பது லிட்டர் என்று கொண்டால், முப்பது கன மீட்டர் கொள்ளளவுள்ள அந்த அறையில், காற்று வெளியே போக வழியே இல்லையென்றால், மணிக்கு 1,000 பி.பி.எம். ஏறும். கதவிடுக்கு வழியே கொஞ்சம் கசிந்தாலும் நள்ளிரவுக்குள் 2,000-ஐத் தாண்டுவது அரிதன்று. நம் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நடைமுறைக் கோவை, ஏர்கோன் வசதியுள்ள வேலையிடங்களுக்கு 1,000 பி.பி.எம். என்றே உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அது வீடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். இந்த அளவில் கரியமில வாயு யாரையும் கொன்றுவிடாது. ஆனால் காலையில் தலை கனப்பதற்கும், எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்காததுபோல் இருப்பதற்கும் இது ஒரு காரணமாகலாம். மேலும், கரியமில வாயு சேர்கிறதென்றால் மற்ற மாசுகளும் வெளியேறாமல் அங்கேயே சேர்கின்றன என்று பொருள். எந்தச் சுத்திகரிப்பானும் கரியமில வாயுவை அகற்றாது.

இதற்குச் செலவு அதிகமில்லை. படுக்கையறையை ஒட்டிக் குளியலறை இருந்து, அதில் வெளியேற்று விசிறி இருந்தால், இரவில் குளியலறைக் கதவைச் சற்றே திறந்து வைத்து அந்த விசிறியை ஓடவிடுங்கள். எதிர்ப்புற ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். அறையின் காற்று மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். குளியலறை இல்லாத அறையென்றால், கதவை ஒரு சாண் திறந்து கூடத்து ஜன்னலையும் திறந்து வைக்கலாம். இதனால் ஏர்கோன் சற்று அதிகம் உழைக்கும், கொஞ்சம் ஈரமும் உள்ளே வரும்; 25 டிகிரியில் வைத்திருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளலாம், 18-இல் வைத்திருந்தால் சுவர் வியர்க்கும். இந்த இரண்டு ஏற்பாடுகளையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

இனிச் சமையலறை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலையளித்த வரி, "பின்பக்கத்தை நீட்டிக் கட்டியபோது நடு அறையின் ஜன்னல் சமையலறைக்குள் வந்துவிட்டது" என்பதுதான். கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் பின்கட்டை நீட்டாத வரிசை வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்களின்படி, குடியிருப்பு அறை ஒவ்வொன்றுக்கும் தரைப்பரப்பில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாத ஜன்னலும், ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் காற்று தடையின்றி வந்துபோகும் திறப்பும் வேண்டும். வீட்டைக் கட்டியவர் அந்தக் கணக்குப்படிதான் கட்டியிருப்பார். நாம் பின்முற்றத்துக்குக் கூரை போட்டு மூடியதும், கணக்கில் திறந்தவெளியைப் பார்த்த ஜன்னல் இப்போது அடுப்பைப் பார்க்கிறது. நீங்கள் மூவரும் உறங்கும் அறை, தாளிப்புப் புகையையும் மிளகாய் நெடியையும் பெலாச்சான் என்னும் இறால் விழுதைச் சுடும் வாடையையும் மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

பினாங்கு ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அவையும் நம் வரிசை வீடுகளைப்போலவே குறுகலாகவும் நீளமாகவும் இருப்பவை. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். ஆனால் அவற்றின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். சூடான காற்று அதன் வழியே மேலே ஏறி வெளியேற, முன்வாசல் வழியே புதுக்காற்று உள்ளே வரும். நம் தாமான் வீடுகள் அந்த நீளத்தை வைத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிட்டன. மிச்சமிருந்த பின்வெளியை நாம் மூடிவிட்டோம்.

எனவே முதற்செலவு இங்கேதான். அடுப்புக்கு மேலே, பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்த வெளிச்சுவரில், பத்து அல்லது பன்னிரண்டு அங்குல வெளியேற்று விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். புகைபோக்கி ஹூட் வாங்குவதாக இருந்தால், குழாய் வழியே புகையை வெளியே தள்ளும் வகையாகப் பாருங்கள். கரி வடிப்பானுடன் வரும் சுழற்சி வகை எண்ணெயை ஓரளவு பிடிக்கும், வாசனையைச் சிறிது நாள் குறைக்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் எரிவாயுவின் கழிவையும் உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். பொருத்திய பிறகு ஒரு மெல்லிய டிஷ்யூத் தாளை விசிறியின் வலைக்கு அருகே கொண்டுபோங்கள். அது தானாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒட்டாமல் விழுந்தால், விசிறி இழுப்பதற்கு ஈடான காற்று உள்ளே வரவில்லை. அப்போது முன்வாசலையோ கூடத்து ஜன்னலையோ திறந்து மீண்டும் பிடித்துப் பாருங்கள். தாள் சட்டென்று ஒட்டுவதைக் காண்பீர்கள். சமைக்கும்போது நடு அறையின் ஜன்னலும் கதவும் மூடியிருக்க வேண்டும். விசிறியை அடுப்புப் பற்ற வைக்கும் முன்பே போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். வறுவலையும் பொரியலையும் சுவரை ஒட்டிய பின் அடுப்பில் செய்யுங்கள். முன் அடுப்பில் எழும் புகையில் பாதி விசிறிக்கு எட்டுவதில்லை.

எரிவாயு அடுப்பு சுத்தமானது என்று நினைக்கிறோம். விறகோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் அதுவும் நைட்ரஜன் டைஆக்சைடை உண்டாக்குகிறது. மூச்சுக்குழல் எளிதில் சுருங்கும் குழந்தைகளுக்கு அது ஆகாது. சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டி எரிந்து பாத்திரத்தின் அடியைக் கறுப்பாக்கினால், கார்பன் மோனாக்சைடும் உண்டாகக்கூடும். பர்னரைக் கழற்றிக் கழுவுங்கள், தீரவில்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். வாடகை வீடாக இல்லாமல் சொந்த வீடாக இருந்து, கூரையை மாற்றும் எண்ணமும் இருந்தால், பின்கட்டுக் கூரையைச் சுவரிலிருந்து ஓர் அடி உயர்த்தி, இடைவெளியில் மழைச்சாரல் தடுக்கும் பட்டிகளை வைக்கச் சொல்லுங்கள். அந்த ஓர் அடி இடைவெளி, மின்சாரம் இல்லாமலே நாள் முழுவதும் வேலை செய்யும்.

சாம்பிராணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்கக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். வழிபாட்டில் தலையிடும் எண்ணம் எனக்கில்லை. அளவிட்டுப் பார்த்தால், ஒரு கிராம் ஊதுவத்தி எரியும்போது வரும் நுண்துகள், ஒரு கிராம் சிகரெட் எரியும்போது வருவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கரியனலில் போடும் சாம்பிராணியில் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். குளிப்பாட்டிய பச்சிளங்குழந்தையின் தலைமயிரை உலர்த்த மூடிய அறையில் சாம்பிராணிப் புகை பிடிக்கும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் உண்டு. அதை மட்டும் நான் தயங்காமல் நிறுத்தச் சொல்வேன். மற்றபடி, சாமிக்குக் காட்டிய பின் தூபக்காலை வாசல் திண்ணையில் வைத்துவிடலாம். ஊதுவத்தியை ஒன்றோடு நிறுத்தலாம். பூஜை நேரத்தில் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், மகள் அந்த நேரத்தில் முன்கூடத்தில் இருக்கட்டும். கற்பூரத்தையும் வில்லையில் கால்பங்காகக் கிள்ளி ஏற்றினால் போதும்.

கொசுவத்திச் சுருளுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்படும் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு சுருளிலிருந்து வரும் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோனுக்கு மிகாத நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம் என்று கண்டது. அதை மூடிய அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு உறங்குகிறோம். டெங்கிக்குப் பயந்து ஏற்றுவதாகப் பலர் சொல்வார்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் காலையிலும் அந்தி சாயும் வேளையிலும் கடிப்பது, இரவுச் சுருள் அதற்கு எதிரான காவலே அல்ல. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, பூந்தொட்டித் தட்டிலும் ஏர்கோன் நீர் சொட்டும் வாளியிலும் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டினால் சுருளுக்கு வேலையே இருக்காது. வலை அடித்த ஜன்னலைப் பயமில்லாமல் இரவிலும் திறந்து வைக்கலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

வீட்டில் யாரும் புகைபிடிப்பதாக நீங்கள் எழுதவில்லை. உணவகங்களில் 2019 ஜனவரி முதல் புகைபிடிக்கத் தடை உள்ளது. ஆனால் எந்தச் சட்டமும் வீட்டு வாசலைத் தாண்டி வருவதில்லை. விருந்தினர் வந்தால் கார் நிறுத்துமிடத்தில் நின்று பிடிக்கச் சொல்வதும் போதாது, முன்கதவு திறந்திருந்தால் புகை கூடத்துக்குள்தான் வரும். அதே கார் நிறுத்துமிடத்தில் காலையில் எஞ்சினைச் சூடாக்குவதாகச் சொல்லிப் பத்து நிமிடம் ஓடவிடுவதையும் விட்டுவிடுங்கள். இன்றைய கார்களுக்கு அது தேவையுமில்லை.

மகளுக்காகப் புதிதாக வாங்கிய அலமாரியில் கண்ணைக் கரிக்கும் வாடை வருவதாகக் குறிப்பிட்டது, மரத்தூள் பலகையை ஒட்டும் பசையிலிருந்து வரும் பார்மால்டிஹைடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட அது அதிகமாக வெளிவரும் என்பதால், நம் ஊரில் அலமாரி வாங்கும்போது இந்த வாயுவைக் குறைவாக வெளிவிடும் ஈ1 அல்லது ஈ0 தரப் பலகையா என்று கேட்டு வாங்க வேண்டும். ஏற்கனவே வாங்கிவிட்டதை, கதவுகளைத் திறந்து வைத்து, ஆள் புழங்காத, காற்றோட்டமுள்ள இடத்தில் சில வாரங்கள் நிறுத்துங்கள். வாடை அடங்கிய பிறகு அறைக்குள் கொண்டு வரலாம். வெட்டிய விளிம்புகள் மூடப்படாமல் இருந்தால் அவற்றின் மேல் பட்டி ஒட்டுங்கள். வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

செடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வு, காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்துச் செய்தது. வீட்டில் அந்த நிலைமை இல்லை. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2019-இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, வீட்டின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று வையுங்கள், தவறில்லை. ஆனால் படுக்கையறையில் வைத்தால் தொட்டி மண்ணின் ஈரம் பூஞ்சைக்கு இன்னோர் இடமாகும்.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் கழித்தும் மகளுக்குக் குறையவில்லையென்றால், அல்லது காட்டுத்தீப் புகை வந்து ஊரைச் சூழும் புகைமூட்டக் காலத்துக்கென்று முன்கூட்டியே ஏற்பாடு செய்ய விரும்பினால், சுத்திகரிப்பான் வாங்கலாம். கடையில் கேட்க வேண்டியது ஒரே ஓர் எண்: சி.ஏ.டி.ஆர். எனப்படும், மணிக்கு எத்தனை கன மீட்டர் தூய காற்றை அது தருகிறது என்னும் அளவு. உங்கள் அறையின் தரைப்பரப்பை உயரத்தால் பெருக்கி, வரும் கன அளவை ஐந்தால் பெருக்குங்கள். பன்னிரண்டு சதுர மீட்டர் அறைக்கு, 2.8 மீட்டர் உயரமென்றால், ஏறத்தாழ 170 வரும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பது முழுவேகத்தில் கிடைக்கும் அளவு. அந்த வேகத்தில் இரவில் யாரும் தூங்க முடியாது, குறைந்த வேகத்தில் அதில் ஒரு சிறு பங்கே கிடைக்கும். ஆகையால் 300-க்கு மேல் உள்ளதை வாங்கி நடுவேகத்தில் ஓடவிடுங்கள். வடிப்பான் ஹெப்பா தரமாக இருக்க வேண்டும். 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். "ஹெப்பா போன்ற" என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா அல்ல. அயனி, பிளாஸ்மா, ஓசோன் என்று விளம்பரப்படுத்தும் வசதிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. மாற்று வடிப்பானின் விலையையும், அது உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே விசாரியுங்கள். வடிப்பான் கிடைக்காமல் மூலையில் முடங்கிப்போன இயந்திரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்து வைத்த 1,800 ரிங்கிட் இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதி திரைக்கும் கைப்பேசிச் செயலிக்கும் போகிறது. அதன் பாதி விலையிலேயே இந்த அளவுகளுக்குப் பொருந்தும் எளிய இயந்திரங்கள் உள்ளன.

புகைமூட்டம் வரும்போது மட்டும் நான் இதுவரை சொன்னதில் பாதியைத் தலைகீழாக்க வேண்டும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலச் சிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. 2013 ஜூனில் மூவாரில் அது 700-ஐத் தாண்டியது. 2019 செப்டம்பரில் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் இது பெரும்பாலும் வரும். சுற்றுச்சூழல் துறை வெளியிடும் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, 200-ஐத் தாண்டினால் மிகவும் ஆரோக்கியமற்ற நிலை, 300-க்கு மேல் ஆபத்து. ஆனால் நுண்துகளுக்கான எண் கடந்த 24 மணி நேரத்துச் சராசரியிலிருந்து வருவது. காலையில் எதிர்வீட்டு மாடியே மங்கலாகத் தெரியும்போது குறியீடு இன்னும் மிதமாகவே இருக்கலாம். மழை பெய்து வானம் வெளுத்த பின்னும் எண் இறங்காமல் நிற்கலாம். கண்ணையும் மூக்கையும் நம்புங்கள்.

அந்நாள்களில் வீடு முழுவதையும் காக்க முயலாமல் ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடிப் பட்டிகளை அடுக்கிய லூவர் ஜன்னலை எவ்வளவு இறுக்கினாலும் இடுக்கு இருக்கும்; உள்பக்கத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தாளை நாடாவால் ஒட்டிவிடுங்கள், கதவுக்கு மேலே உள்ள காற்றுத்துளைகளையும் மூடுங்கள். ஏர்கோனையும் சுத்திகரிப்பானையும் அந்த அறையில் சேர்த்து ஓடவிடலாம். குளியலறை விசிறியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது வெளிப்புகையை உள்ளே இழுக்கும். பொரியல், ஊதுவத்தி, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். மூவரும் அதே அறையில் அடைந்து கிடப்பதால் கரியமில வாயு ஏறத்தான் செய்யும். மணிக்கொரு முறை கதவைச் சில நிமிடம் கூடத்துப் பக்கம் திறந்து மூடுங்கள், பின்னர் சுத்திகரிப்பானை முழுவேகத்தில் பத்து நிமிடம் வையுங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் துணிக்கவசம் பயனற்றது. என்95 வகையை, குழந்தையின் முகத்துக்குப் பொருந்தும் அளவில், இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புகைமூட்டம் தொடங்கிய வாரத்தில் மருந்தகங்களில் அவை தீர்ந்துவிடும்.

நல்ல மழை ஒன்று பெய்து புகை அடங்கியதும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எடுத்து, முன்னும் பின்னும் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, தரையையும் மின்விசிறி இறக்கைகளையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஏர்கோன் வலையைக் கழுவி, சுத்திகரிப்பானின் வடிப்பானையும் திறந்து பாருங்கள். அது கறுத்திருந்தால், உற்பத்தியாளர் சொன்ன ஆறு மாதக் கணக்குக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.